ஒருநாளும் இல்லை

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள் அக்கா. எனக்கு இந்தப் பக்கம்தான் வசதி, முன்னால் பார்க்க வேண்டும். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட், பச்சைப் புடவை, மடியில் கட்டைப் பை, அது எங்கள் அம்மா. சேர்ந்து உட்கார இடம் கிடைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்தால் அம்மாவுக்கு வாந்தி வரும். அதனால் அங்கே உட்கார வைத்துவிட்டு நான் இங்கே வந்தேன்.

நீங்கள் எதுவரை? உளுந்தூர்பேட்டையா? சரி. நாங்கள் கள்ளக்குறிச்சி, அங்கிருந்து இன்னொரு பஸ்.

ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறோம். அம்மாவுக்கு இல்லை, எனக்குத்தான். நீங்கள் தள்ளி உட்கார வேண்டாம், ஒட்டுகிற நோய் இல்லை. நோய் என்றே இன்னும் யாரும் எழுதித் தரவில்லை. அதுதான் பிரச்சினையே. திங்கட்கிழமைக்குள் ஒரு டாக்டர் லெட்டர் வேண்டும். இருந்தால் வேலை இருக்கும். இல்லை என்றால் இல்லை.

என் பெயர் தேன்மொழி. பி.எஸ்சி. விலங்கியல். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழ்கூட இருக்கிறது. அதைக் காட்டித்தான் காலேஜில் ஃபீஸ் குறைந்தது. அம்மா அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். இல்லாததற்குச் சான்றிதழ் வாங்கினால் நல்லது நடக்கும் என்று அவளுக்கு அதைப் பார்த்துத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

வேலை மெடிக்கல் கோடிங். கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் ஒருவர் டாக்டரிடம் போனால் டாக்டர் குறிப்பு எழுதுவார். அந்தக் குறிப்பைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன எண் என்று நாங்கள் போட வேண்டும். சர்க்கரைக்கு ஓர் எண். கால் முறிந்தால் ஓர் எண். ஏணியிலிருந்து விழுந்து முறிந்ததா, படியிலிருந்து விழுந்து முறிந்ததா, அதற்கும் தனி எண். ஒரு குறிப்புக்கு ஒரு சார்ட் என்று பெயர். ஒரு நாளைக்கு எண்பது சார்ட். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாக இருக்க வேண்டும்.

பயிற்சியில் முதல் நாளே ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். டாக்டர் எழுதாதது நடக்கவில்லை. நோயாளி இருமி இருமியே செத்திருக்கலாம். டாக்டர் இருமல் என்று எழுதவில்லை என்றால் இருமல் இல்லை. வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. நாமாக ஒன்றும் சேர்க்கக்கூடாது, நாமாக ஒன்றும் குறைக்கக்கூடாது. அப்படித்தான் இன்றுவரை இருக்கிறேன்.

முதல் இரண்டு மாதம் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. நம்புவீர்களா? எங்கள் பேட்சில் நான்தான் முதல். அப்போதெல்லாம் அம்மா ஓயாமல் போன் பண்ணுவாள். ஹாஸ்டலில் எழுந்ததும் ஒன்று: “ஐடி கார்டு எடுத்தியா? சாவி எடுத்தியா? கையில எடுத்துப் பாத்துச் சொல்லு.” பதினொரு மணி டீக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. சார்ட் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. களை வெட்டுகிற கணக்கில் கேட்பாள்.

“எத்தினி சாலு முடிச்ச பாப்பா?”

“நாப்பதும்மா.”

“இன்னும் பத்து முடிச்சிட்டுக் கூப்புடு. அப்பறம் சோறு துன்னு.”

கேன்டீனில் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும். “தேனு, எத்தன சாலு?” என்று என்னைக் கிண்டல் பண்ணத் தொடங்கினார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மூன்றாம் மாதம் ஒரு நாள் நான்தான் சொன்னேன், நான் என்ன பால்வாடிக் குழந்தையா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசினால் போதும் என்று. அம்மா சரி என்று விட்டுவிட்டாள்.

இனிமேல் நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த மாதத்திலிருந்துதான் எல்லாம் கலையத் தொடங்கியது. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. சீட்டை மாற்றி ஏசிக்கு நேர் கீழே போட்டார்கள். அதனாலும் இருக்கலாம்.

ஒரே வரியை நாலு முறை படிப்பேன். வலது முழங்கால் என்று படித்துவிட்டு இடது முழங்காலுக்கு எண் போடுவேன். ஹாஸ்டலில் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வந்துவிடுவேன். ஐடி கார்டு மூன்று தொலைத்துவிட்டேன். தாம்பரம் ரயில் ஏற வேண்டியவள் பீச் ரயில் ஏறி, கடைசி ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கிய பிறகு யோசித்திருக்கிறேன். வேலையே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாள் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் நூற்றுப்பன்னிரண்டு சார்ட் முடித்தேன். அடுத்த நாள் பத்தொன்பது.

எங்கள் டீம் லீடர் ஜோஸ்பின் மேடம் என் மானிட்டரைப் பார்த்தார்.

“தேனு, நேத்து நூத்திப்பன்னெண்டு, இன்னிக்குப் பத்தொம்பது. உள்ள எத்தன பேரு இருக்கீங்க?”

“ஒரே ஆள்தான் மேடம்.”

“அப்ப அந்த நேத்து வந்த ஆள டெய்லி வரச் சொல்லு.”

நல்லவர்தான். கிண்டலோடு விட்டுவிடுவார். ஆனால் அவருக்கு மேலே இருப்பவர்கள் இரண்டு மெமோ கொடுத்தார்கள். அதில் இருந்த ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார்த்தேன். கவனக்குறைவு, அசட்டை, பொறுப்பின்மை என்று போட்டிருந்தது. மூன்றையும் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இருபத்திரண்டு சார்ட்.

அந்தச் சமயத்தில் ஒரு சார்ட் வந்தது. ஒரு பெண், முப்பத்து நாலு வயது. பெயர் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன், நினைவும் இல்லை. டாக்டர் அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். தண்ணீரை அடுப்பில் வைத்து மூன்று முறை மறந்துபோகிறாள். அவசரம் வந்தால்தான் வேலை ஓடுகிறது. பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியவில்லை. சோம்பேறி என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வந்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. என்னைப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. கடைசியில் ஏடிஹெச்டி, அதாவது கவனக் குறைபாடு, என்று முடித்திருந்தார். அதற்கு எண் எஃப் தொண்ணூறு. ஒரு சார்ட்டுக்கு ஐந்து நிமிடம்தான். அதை நான் ஐம்பது நிமிடம் படித்தேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஜோஸ்பின் மேடத்திடம் சொன்னேன். அவர் எச்.ஆரில் பேசினார். டாக்டர் லெட்டர் கொண்டுவந்தால் சத்தமில்லாத மூலையில் தனி சீட் தருவார்கள், மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள். லெட்டருக்குக் கடைசி நாள் இந்த வருகிற திங்கட்கிழமை. “இல்லன்னா அந்தத் திங்கக்கிழமையோட…” என்று மேடம் நிறுத்திக்கொண்டார். மீதியை நானே சொல்லி முடித்தேன்.

ஆஸ்பத்திரியில் பெரியவர்களுக்கு இந்தப் பரிசோதனை வியாழக்கிழமை மட்டும்தான். ஒரு டாக்டரம்மா. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டுதான் பேசுவார். முதல் வாரம் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு சோதனை. திரையில் எழுத்து வந்துகொண்டே இருக்கும், ஒரு குறிப்பிட்ட எழுத்து வந்தால் மட்டும் பட்டனை அழுத்தக்கூடாது. இருபது நிமிடம். பயத்தில் கண்ணைக்கூட இமைக்காமல் செய்தேன். நன்றாக வந்துவிட்டது. நன்றாக வந்துவிட்டதே என்று வெளியே வந்து சந்தோஷப்பட்டேன் அக்கா. எவ்வளவு முட்டாள் பாருங்கள். அதில் நன்றாக வந்தால் எனக்குக் கெடுதல்.

“இது மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம்,” என்றார் டாக்டர். “பன்னெண்டு வயசுக்கு முன்னாடியே அறிகுறி இருந்திருக்கணும். அதுதான் முக்கியம். உன்ன வளத்தவங்க சொல்லணும்.” பதினெட்டுக் கேள்வி இருக்கிற ஒரு ஃபார்ம் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு கட்டம். ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி.

அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் போனில் நான் தமிழில் சொல்ல, அவள் பதில் சொல்ல, நான் டிக் போட்டேன்.

“யாரு கேக்கறாங்க இதெல்லாம்?”

“ஆபீஸ்லம்மா.”

அது பொய் இல்லை. லெட்டர் கேட்டது ஆபீஸ்தானே. டாக்டர் என்றால் பயந்துவிடுவாள் என்று அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன்.

“பொருளெல்லாம் அடிக்கடி தொலைப்பாளா?”

“யாரு, எம்பொண்ணா? ஒருநாளும் இல்ல.”

“ஒரு எடத்துல உக்கார மாட்டாளா?”

“ஒருநாளும் இல்ல. புடிச்சி வச்ச பிள்ளையாராட்டம் உக்காந்திருக்கும்னு எழுது.”

“அப்படி எழுத எடம் இல்லம்மா. நாலு கட்டம்தான் இருக்கு.”

“எந்தக் கட்டம் நல்ல கட்டம்?”

“நல்ல கட்டம் கெட்ட கட்டம்லாம் இல்லம்மா.”

“மொத கட்டத்துலயே எல்லாத்தயும் போட்டுடு. அப்பறம் எதுனா கேட்டா என்னியப் பேசச் சொல்லு. நான் பேசிக்கறேன் அவுங்ககிட்ட.”

அவள் சொன்னதைத்தான் போட்டேன். எனக்குத் தெரியாதா, நான் எப்படி இருந்தேன் என்று? ஆனால் அது அம்மாவின் ஃபார்ம். அதில் நான் மாற்றிப் போட்டால் அது என் ஃபார்ம் ஆகிவிடும். டாக்டர் அதை வாங்கிப் பார்த்து, “இவ்ளோ நல்ல குழந்தைய நான் பாத்ததே இல்ல,” என்றார். இரண்டு கேள்விக்கு நான் டிக் போடவே இல்லை என்று அவர் சொன்னபிறகுதான் தெரிந்தது. “அம்மாவ நேர்ல கூட்டிட்டு வா. ஸ்கூல் சர்ட்டிபிகேட் என்ன இருந்தாலும் எடுத்துட்டு வரச் சொல்லு.”

அதுதான் இன்றைக்கு.

ஆபீசில் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன், அம்மா விடியற்காலை பஸ் பிடித்து வந்தாள். அந்தக் கட்டைப் பை நிறையச் சான்றிதழ். டாக்டர் முன்னால் உட்காரவே மாட்டேன் என்று நின்றாள். நான்தான் உட்கார வைத்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

டாக்டர் நல்லவிதமாகத்தான் தொடங்கினார். “பயப்படாதீங்கம்மா. தேன்மொழிக்குச் சின்ன வயசுலேருந்தே கவனக் குறைபாடு இருந்திருக்குமான்னு பாக்கறோம். அத உங்கள மாதிரி யாரும் சொல்ல முடியாது.”

அம்மாவின் முகம் மாறிவிட்டது. எனக்கு உடனே புரியவில்லை.

“கவனக் கொறவா? யாருங்க சொன்னது?”

“யாரும் சொல்லலம்மா, நாமதான்…”

“இதுக்கு நாலு வயசுல இவங்கப்பா போய்ட்டாருங்க. ஒண்டியா நின்னு கவனிச்சேன். ஒரு நாளு ஜொரம்னா ஒரு நாளு கூலி போவ மாட்டேன். கவனிக்காம உட்டுட்டேன்னு எந்தப் பாவி சொன்னது?”

“ஐயோ, உங்க கவனிப்பச் சொல்லலம்மா. இவங்களோட கவனம்.”

“ரெண்டும் ஒண்ணுதானங்க.”

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். “ரெண்டும் வேறம்மா,” என்று பொறுமையாக விளக்கினார். மூளை, பழக்கம், படிப்பு என்று என்னென்னவோ. அம்மா தலையை ஆட்டினாள். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கேள்வியையும் அவள் தன்மேல் வைக்கிற குற்றமாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

“ஸ்கூலுக்குப் போகும்போது எதையாவது விட்டுட்டுப் போவாங்களா?”

“ஒருநாளும் இல்லீங்க.”

“வீட்டுப்பாடம் முடிக்காம?”

“ஒருநாளும் இல்லீங்க. நீங்க வேணா இதப் பாருங்க.” பையிலிருந்து மாற்றுச் சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்தாள். விரலால் தொட்டுக் காட்டினாள். எழுத்து சரியாகத் தெரியாவிட்டாலும் எந்த வரி என்று அவளுக்குத் தெரியும். மாணவியின் நடத்தை: நன்று.

டாக்டர் என்னிடம் கேட்டார். “நீ ஏதாவது சொல்லணுமா?”

மேஜைக்குக் கீழே அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். விரல் வலிக்கிற அளவுக்கு. அம்மா சொன்ன பிறகு நான் ஒன்று சொன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்குவதாகிவிடும். டாக்டர் படித்தவர், அவராகவே கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

“இல்ல மேடம்.”

அவர் எழுதினார். சிறுவயதில் அறிகுறிகள் இல்லை எனத் தாயார் கூறுகிறார். கவனக் குறைபாடு இருக்கலாம், உறுதி செய்ய இயலவில்லை. பதற்றத்துக்கு மாத்திரை. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு அக்கா. டாக்டர் ‘இருக்கலாம்’ என்று எழுதினால் அந்த நோய்க்கு எண் போடக்கூடாது. நான் எத்தனை பேருக்குப் போடாமல் விட்டிருப்பேன்!

கேன்டீனுக்கு வந்தோம். அம்மா ஒரே சந்தோஷம். டீயில் பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டாள். “ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டாங்க பாத்தியா? எடுத்துனு போய் மூஞ்சி மேல போடு அவனுங்களுக்கு.”

“அம்மா, இருக்குன்னு எழுதினாத்தாம்மா எனக்கு வேலை.”

“இருக்குன்னு எழுதினா வேலையா? ஒடம்பு நல்லாருக்கறவளுக்கு வேல இல்லயா? எந்த ஊரு நாயம்டி இது?”

அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். மெமோ, திங்கட்கிழமை, எல்லாம். முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவள் பயப்படுவாள் என்றுதான் சொல்லவில்லை. அவளைப் பயப்படவைக்கக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன்.

அம்மா பன்னைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னாள்.

“ஆறாங்கிளாசுல உங்க டீச்சரு கூப்ட்டு அனுப்புச்சி. இந்தப் பொண்ணு மந்தம், வானத்தப் பாத்துனு உக்காந்துக்குது, இத வேற மாதிரி புள்ளைங்க படிக்கற பள்ளிக்கோடத்துல போடுன்னுச்சி. கால்ல உழுந்தேன். ஒரு வருசம் டைம் குடு டீச்சர், நான் சரி பண்றேன்னேன்.”

எனக்கு இது தெரியாது அக்கா. சத்தியமாகத் தெரியாது.

அதற்கப்புறம் அவள் சொன்னது எல்லாம் நான் பார்த்ததுதான். ஆனால் அப்படிப் பார்த்ததில்லை. பென்சிலைச் சாக்கு நூலில் கட்டி என் கழுத்தில் மாட்டிவிடுவாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர்கள் அம்மா அப்படித்தான் மாட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூலி வேலைக்கு எங்கே கூப்பிட்டாலும் பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரிகிற கொல்லைக்குத்தான் போவாள், மத்தியானம் வேலி ஓரம் வந்து நின்று என்னைத் தின்ன வைத்துவிட்டுப் போவாள். பரீட்சை நாளில் ஹால் டிக்கெட் அவள் இடுப்பில்தான் இருக்கும். வாசலில் எடுத்துக் கொடுப்பாள்.

“நீ படிக்கறப்ப எதுக்க உக்காந்து மல்லாட்டை ஒடப்பேன். ஒடைக்க மல்லாட்டை இல்லன்னாலும் தோலிய வச்சினு ஒடைச்சினு இருப்பேன். நான் எந்திரிச்சா நீயும் எந்திரிச்சிருவ.”

“அப்பறம் ஏம்மா ஒருநாளும் தொலைக்கலன்னு சொன்ன?”

“தொலைச்சியா நீ? சொல்லு. இன்னாத்தத் தொலைச்ச? தொலைக்க உட்டனா நான்?”

யோசித்துப் பார்த்தேன் அக்கா. அவள் ஒரு கேள்விக்குக்கூடப் பொய் சொல்லவில்லை.

“இதயே போய் டாக்டர்கிட்ட சொல்லும்மா,” என்றேன். அவள் எழுந்து புடவையை உதறிச் சொருகிக்கொண்டு விறுவிறு என்று நடந்தாள். ஓ.பி. முடிகிற நேரம். வாசலில் இருந்தவர், “டோக்கன் இல்லாம உள்ள உடக்கூடாது, ஒரு தடவ பாத்தாச்சு இல்ல?” என்றார். அவரைத் தாண்டிப் போய்விட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். நூல், கொல்லை, ஹால் டிக்கெட், நிலக்கடலைத் தோல், எல்லாம். நின்றுகொண்டே சொன்னாள். டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தேன்மொழி, வெளிய போய் அம்மாகிட்ட என்ன பேசினீங்க?”

டாக்டர் கேட்டால் மறைக்கக்கூடாது. “இருக்குன்னு எழுதினாத்தான் வேலை இருக்கும்னு சொன்னேன் மேடம்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

“நான் நம்பறேனா இல்லையாங்கறது வேற. போன மாசம் ஃபார்ம்ல ஒருபோதும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி இதே நாற்காலியில ஒருநாளும் இல்ல. இப்ப, லெட்டர் எதுக்குன்னு தெரிஞ்ச பிறகு, எல்லாமே இருந்துச்சு. நாளைக்கு யாராவது இந்த ஃபைலப் பாத்தா நான் என்ன சொல்றது? பழைய டீச்சர் யாராவது எழுதித் தரட்டும். நாலு வாரம் கழிச்சு மறுபடி பாக்கலாம்.”

“அந்த டீச்சரு செத்துப்போச்சிங்க,” என்றாள் அம்மா.

“வேற டீச்சர்?”

“வேற டீச்சருங்களுக்கு எதுவும் தெரியாதுங்க. நான் தெரிய உடலிங்க.”

நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் அக்கா. ஃபைலில் என்ன இருக்கிறதோ அதுதான். அதில் எனக்கு அவர்மேல் வருத்தமே இல்லை.

அப்போதுதான் அம்மா மேஜையைச் சுற்றிப் போய் டாக்டரின் காலில் விழுந்தாள்.

நான் தூக்கியிருக்க வேண்டும். நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதத் தாள் கிழிக்காமல் இருந்தது. அதில் ஒரு தேதியில் பால் என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் எதற்குப் பால் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் அம்மா தரையில் கிடக்கிறாள், நான் பாலைப் பற்றி யோசிக்கிறேன். “எழுந்திருங்கம்மா, என்ன இது, எழுந்திருங்க,” என்று டாக்டர்தான் குனிந்து தூக்கினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவையே பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை எழுதியிருப்பார்.

லெட்டரில் இன்னொரு வரி சேர்த்துக் கொடுத்தார். தாயாரின் கூற்றுகள் முன்னுக்குப் பின் முரணாக உள்ளன, மறுமதிப்பீடு தேவை. ஜோஸ்பின் மேடம் இரண்டு முறை மெசேஜ் போட்டுவிட்டார், லெட்டர் கிடைத்ததா என்று. கிடைத்தது என்றால் பொய் இல்லை. கிடைக்கவில்லை என்றாலும் பொய் இல்லை. அதனால் ஒன்றும் போடவில்லை.

இவ்வளவுதான் என்றால் நான் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போது அம்மா கேட்டாள்.

“பாப்பா, உங்க ஆபீசுல உன் பக்கத்துல எடம் இருக்குமா?”

எனக்கு என்ன கேட்கிறாள் என்றே புரியவில்லை. பஸ் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ம்,” என்றுவிட்டேன்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இப்போது ஊருக்குப் போவதே அதற்குத்தான் என்று ஆகிவிட்டது. ஆடு இரண்டையும் பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காவிடம் விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்னோடு சென்னைக்கு வருகிறாள். திங்கட்கிழமை காலையிலிருந்து ஆபீசில் என் பக்கத்தில் உட்காரப் போகிறாளாம். நாற்காலி வேண்டாமாம், தரையே போதுமாம். ஒரு வார்த்தை பேச மாட்டாளாம். பூக் கட்டிக்கொண்டிருப்பாளாம். “எண்பது என்னாடி எண்பது, நான் உக்காந்தா நூறு முடிப்ப நீ. அவங்க கண்ணால பாக்கட்டும்.”

அதோ பாருங்கள், பக்கத்து சீட்டு அம்மாவிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாளே, அதுதான். அந்த அம்மாவும் தலையை ஆட்டுகிறார்கள், பாருங்கள்.

அங்கே கதவு என் விரல் ரேகை பட்டால்தான் திறக்கும் அக்கா. பேனா, பேப்பர்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் பாட்டிலே கண்ணாடி மாதிரி உள்ளே தெரிய வேண்டும். அம்மாவை எப்படி விடுவார்கள்? வாசல் செக்யூரிட்டியிடமே நின்றுவிடுவாள். அங்கே நின்று அவனிடமும் கெஞ்சுவாள். ஆட்டைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க மாட்டாள். அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.

திண்டிவனத்தில் பஸ் நிற்கும்போது முன்னால் போய்ச் சொல்லிவிடலாம் என்று முடிவு பண்ணித்தான் உட்கார்ந்தேன். எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். இப்போது வந்துவிடும், இல்லையா அக்கா?

என்ன? விக்கிரவாண்டியா? இது விக்கிரவாண்டி டோல்கேட்டா?

திண்டிவனத்தில் நின்றதா? எவ்வளவு நேரம் நின்றது? ஆட்கள் இறங்கினார்களா? நான் உங்களிடம் பேசிக்கொண்டேதானே இருந்தேன்.

சரி. சரி, பரவாயில்லை. விழுப்புரத்தில் பத்து நிமிடம் நிறுத்துவான், அங்கே எழுந்து போய்ச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் வந்ததும் நீங்கள் எனக்குக் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறீர்களா அக்கா?